திலாப்பியாத் தீனியில் மீன்தூளைக் குறைத்து சோயாவை ஏற்றுவது: படிப்படியான முழு வழிகாட்டி

பினாங்கில் சுங்கை பாக்காப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் நான்கு கேன்வாஸ் தொட்டிகளில் செந்திலாப்பியா வளர்க்கிறேன். செலவில் பாதிக்கு மேல் தீனிக்கே போகிறது. அதைக் குறைக்கத்தான் சொந்தமாகக் கலக்கத் தொடங்கினேன். இப்போது அக்கம்பக்கத்துத் தம்பிகளும் வந்து பார்க்கிறார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, மீன்தூள் ஒரு கிலோவை எடுத்துட்டு சோயா ஒரு கிலோ போட்டா சரியாப் போச்சுதானே?"

சரியாகப் போகாது. ஏன் போகாது, அதற்குப் பதில் என்ன செய்வது என்பதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை மாறினால் நல்ல சரக்கும் வீணாகும்.

1. முதலில் மீனைப் பாருங்கள், மூட்டையைப் பிறகு பார்க்கலாம்

இந்த முறை 50 கிராமைத் தாண்டிய திலாப்பியாவுக்கு மட்டும். திலாப்பியா பாசியும் செடியும் தின்று வளரும் மீன். குடல் நீளம், தாவரச் சரக்கு அதற்கு ஒத்துப்போகும். இந்த அளவு மீனுக்குத் தீனியில் 28 முதல் 32 விழுக்காடு புரதம் போதும்.

குஞ்சுகளுக்குக் கடைத் தீனியே வாங்குங்கள். அவற்றுக்கு 35 முதல் 40 விழுக்காடு புரதம் வேண்டும், தூளும் மிக நுண்ணியதாக இருக்க வேண்டும். குஞ்சு தின்னும் தீனி ஒரு சில கிலோதான். அங்கே மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

சியாக்காப் (கொடுவா), கெராப்பு (களவா) வளர்ப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அவை மீன் தின்னும் மீன்கள். புரதம் 40 விழுக்காட்டுக்கு மேல் கேட்கும். மீன் எண்ணெயில் உள்ள இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்புகளை அவற்றால் தாவர எண்ணெயிலிருந்து போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. திலாப்பியாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. புக்கிட் தம்புன் பக்கம் சியாக்காப் கூண்டு வைத்திருப்பவர் சொன்ன கணக்கைத் திலாப்பியாவுக்கும், என் கணக்கைச் சியாக்காப்புக்கும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

இரண்டு தராசு: கிலோ நிறுக்க ஒன்று, கிராம் நிறுக்க ஒன்று. கிராம் தராசு இல்லாமல் தொடங்காதீர்கள். இந்தக் கலவையில் சில பொருள்கள் 10 கிலோவுக்கு 10 கிராம்தான்.

மாவு அரைக்கும் மெஷின், நுண் சல்லடை, பெரிய இட்லிச் சட்டி அல்லது பாவ் அவிக்கும் அடுக்கு, 3 மில்லிமீட்டர் தட்டு போட்ட இறைச்சி அரைக்கும் மெஷின், வலைத் தட்டுகள், ஒரு காற்றாடி. பிறகு ஒரு நோட்டுப் புத்தகம்.

தொட்டி குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்றில் எப்போதும் கடைத் தீனிதான். ஒரே தொட்டியை வைத்துக்கொண்டு சோதித்தால், மீன் மெலிந்தது தீனியாலா, இரண்டு வாரம் பெய்த மழையாலா என்று உங்களுக்கே தெரியாது.

3. சரக்கு வாங்குவது

பெரும்பாலான தோல்வி இங்கேதான் நடக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

சோயா புண்ணாக்கு: எண்ணெய் எடுத்த பிறகு கிடைப்பது. புரதம் 44 முதல் 48 விழுக்காடு. ஆலையில் வரும்போதே சூடேற்றப்பட்டிருக்கும். இந்தச் சூடு முக்கியம். பச்சை சோயாவில் டிரிப்சின் தடுப்பான் என்ற பொருள் இருக்கிறது. புரதத்தைச் செரிக்கவைக்கும் நொதியை அது கட்டிப்போட்டுவிடும். மீன் வயிறு நிறையத் தின்னும், ஆனால் உடம்பில் ஒட்டாது.

சூடு போதுமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மூடியுள்ள சின்னப் பாட்டிலில் சோயாத் தூள் ஒரு கரண்டி, யூரியா உரம் அரைக் கரண்டி, நனையும் அளவு தண்ணீர் விட்டு மூடி வையுங்கள். 20 நிமிடம் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். அமோனியா வாடை மூக்கைத் துளைத்தால் அது வேகாத சோயா. பச்சை சோயாவில் யூரியாவை உடைக்கும் நொதி உயிரோடு இருக்கும், வெந்ததில் இருக்காது. டிரிப்சின் தடுப்பானும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் அழிகிறது. அதனால் ஒன்றைப் பார்த்தால் மற்றதும் தெரிந்துவிடும். சோதித்த தூளைக் கொட்டிவிடுங்கள், கலவையில் சேர்க்காதீர்கள்.

அதற்காகக் கருகும்வரை வறுத்துவிடவும் கூடாது. அதிகச் சூட்டில் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு ஒட்டிக்கொள்ளும், மீனுக்குக் கிடைக்காது. பொன்னிறம் போதும், பழுப்பு வேண்டாம்.

தௌஹு ஹம்பாஸ்: சோயாப் பாலை வடிகட்டியபின் மிஞ்சும் சக்கை. தௌஹு (டோஃபு) செய்யும் இடத்தில் சும்மாவே கொடுப்பார்கள் என்று வாளியோடு ஓடுகிறவர்கள் நிறைய. 10 கிலோ ஹம்பாஸில் ஏறக்குறைய 8 கிலோ தண்ணீர். உலர்த்தினால் 2 கிலோ, அதில் புரதம் அரைக் கிலோ இருந்தால் பெரிது. இன்னொரு சிக்கல்: சீனர் முறையில் பல இடங்களில் பாலை வடிகட்டிய பிறகுதான் காய்ச்சுவார்கள். அப்படியென்றால் உங்கள் வாளியில் இருப்பது வேகாத சோயா. "வடிகட்டுவது காய்ச்சுவதற்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேளுங்கள். நம் வெயிலில் அது ஒரே நாளில் புளித்தும் போகும். எனக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகவில்லை.

தவிடு: வடக்கே நெல் ஆலையிலிருந்து வரும். நான் முதன்முதலில் கலந்த தீனி கெட்டது தவிட்டால்தான். மலிவாகக் கிடைத்ததென்று ஒரு கடையில் மாதக்கணக்கில் கிடந்த மூட்டையை வாங்கினேன். பிரித்தபோது வாரக்கணக்கில் கழுவாத வடைச் சட்டி போல ஒரு வாடை. மீன்தானே, தின்னும் என்று கலந்துவிட்டேன். மீன்கள் வாயில் வாங்கித் துப்பின. மூன்று நாள் துப்பின.

தவிட்டில் எண்ணெய் அதிகம். நெல்லைத் தீட்டிய உடனேயே தவிட்டிலுள்ள நொதி அந்த எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். ஆலையில் புதிதாக வாங்கி, அன்றைக்கே ஆவியில் வேகவைத்தோ லேசாக வறுத்தோ வைத்தால் நொதி அடங்கும். நாவில் ஒரு சிட்டிகை வைத்துப் பாருங்கள். இனிப்பாக இருந்தால் வாங்கலாம், கசந்தால் வேண்டாம்.

மீன்தூள்: மூட்டையில் 60 விழுக்காடு புரதம் என்று போட்டிருந்தாலும் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். அடியில் மணல் தங்கினால் நீங்கள் மணலுக்குக் காசு கொடுக்கிறீர்கள். அமோனியா வாடை தூக்கினால் பழையது, அல்லது யூரியா கலந்தது. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் புரதக் கணக்கு சொல்கிறார்கள். யூரியாவிலும் நைட்ரஜன் உண்டு, அதனால் காகிதத்தில் எண் நன்றாகத்தான் தெரியும்.

செம்பனை விதைப் புண்ணாக்கு: மலிவு, எங்கும் கிடைக்கும், அதனாலேயே ஆட்கள் அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். புரதம் 14 முதல் 18 விழுக்காடுதான், நார் மிக அதிகம். ஓட்டுத் துண்டு வேறு கிடக்கும். சலித்து, 10 கிலோவில் ஒரு கிலோவுக்குள் நிறுத்துங்கள்.

கடலைப் புண்ணாக்கைத் தொடுவதில்லை. பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் வரும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அசோலா என்ற நீர்ச்செடி, கங்கோங் கீரை எல்லாம் பச்சையாக மேலே தூவலாம், தவறில்லை. ஆனால் அசோலாவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. கணக்கு: கிலோவுக்குக் கிலோ ஏன் ஆகாது

ஒரு கிலோ மீன்தூளில் 600 கிராம் புரதம். ஒரு கிலோ சோயாவில் 440 கிராம். நேராக மாற்றினால் 160 கிராம் குறையும். ஈடுகட்ட ஏறக்குறைய 1.36 கிலோ சோயா வேண்டும். அந்தக் கூடுதல் 360 கிராமுக்கு இடம் வேண்டுமே, அதற்குத் தவிட்டைக் குறைக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. மீனுக்குத் தேவை புரதம் என்ற ஒற்றைப் பொருள் இல்லை, பத்து அமினோ அமிலங்கள். அவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற ஒன்பதும் முழுதாகப் பயன்படாது. மிஞ்சியது அமோனியாவாகத் தண்ணீருக்குப் போகும். சோயாவில் லைசின் நன்றாகவே இருக்கிறது. குறைவது மெத்தியோனின். மேலே சொன்ன 1.36 கிலோ சோயாவில் இருப்பது ஒரு கிலோ மீன்தூளில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். அதைத் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டும்.

அடுத்தது பாஸ்பரஸ். தானியம், பருப்பு, தவிடு ஆகியவற்றில் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கும். அதை உடைக்கும் நொதி மீனின் குடலில் போதிய அளவு இல்லை. மீன்தூளைக் குறைக்கும்போது அதிலுள்ள மீன் எலும்பு வழியாக வந்த பாஸ்பரஸும் சேர்ந்தே குறைகிறது. இதை மறந்தவர்களுடைய மீன் நன்றாகத் தின்றும் எலும்பு வலுவில்லாமல் இருக்கும். இதை ஈடுகட்டச் சேர்ப்பது டைகால்சியம் பாஸ்பேட், கடையில் டிசிபி என்று கேட்டால் கொடுப்பார்கள்.

5. கலவை, 10 கிலோவுக்கு

முதல் மாதம் இப்படி: மீன்தூள் 2 கிலோ, சோயா புண்ணாக்கு 3.2 கிலோ, தவிடு 2.4 கிலோ, செம்பனை விதைப் புண்ணாக்கு 700 கிராம், மரவள்ளி மாவு 1 கிலோ.

மீன் பழகிய பிறகு இப்படி: மீன்தூள் 1 கிலோ, சோயா 4.5 கிலோ, தவிடு 2 கிலோ, செம்பனை விதைப் புண்ணாக்கு 800 கிராம், மரவள்ளி மாவு 1 கிலோ.

இரண்டிலும் மீதி 700 கிராம் ஒன்றே: சமையல் எண்ணெய் 200 கிராம், மீன் எண்ணெய் 100 கிராம், டிசிபி 200 கிராம், வைட்டமின் தாது பிரீமிக்ஸ் 100 கிராம், உப்பு 60 கிராம், மெத்தியோனின் 30 கிராம், சூடு தாங்கும் வகை வைட்டமின் சி 10 கிராம். பிரீமிக்ஸ் அளவு மட்டும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். என் கணக்கைவிட பையில் எழுதியிருப்பதே சரி.

பெருக்கிப் பார்த்தால் இரண்டிலும் புரதம் 30 விழுக்காடு அளவில் வரும். மீன்தூளை முழுதாக எடுக்கலாமா என்றால், ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்கள், முடிகிறது. வீட்டில் நான் அந்த ஒரு கிலோவைத் தொடுவதில்லை. மீனை இழுக்கும் வாசனை அதில்தான் இருக்கிறது. நம் கணக்கில் எங்காவது ஓட்டை விழுந்தாலும் அது கொஞ்சம் அடைக்கும்.

கோழிக் குடல், இரத்தத்தூள் வேண்டாம். மீன் வாங்க வரும் மலாய்க்காரர் ஹலால் பார்த்து "ஆப்பா மாக்கான்?" (என்ன தின்னுது?) என்று கேட்டால் நோட்டைத் திறந்து காட்ட முடிய வேண்டும்.

முதல் தடவை 10 கிலோ செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஐந்தால் வகுத்து 2 கிலோ செய்யுங்கள்.

6. அரைத்து, சலித்து, வேகவைத்து, ஆறவைத்து, அப்புறம்தான் வைட்டமின்

உலர் சரக்கு எல்லாவற்றையும் மாவாக அரைத்துச் சலியுங்கள். பெரிய துகள் இருக்கும் இடத்தில் பெல்லட் உடையும். செரிமானமும் குறையும்.

அரைத்த சோயாவிலிருந்து 300 கிராம் தனியாக எடுத்து வையுங்கள். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

மீதி மாவு, டிசிபி, உப்பு எல்லாம் கலந்து, 10 கிலோவுக்குச் சுமார் 3.5 லிட்டர் வெந்நீர் தெளித்துப் பிசையுங்கள். பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. ஆவியில் 20 நிமிடம் வேகட்டும். மரவள்ளி மாவு வெந்து பசையானால்தான் பெல்லட் தண்ணீரில் கரையாது. "மாவு போட்டேனே, ஏன் கரையுது?" என்று கேட்பவர்கள் அதை வேகவைத்திருக்க மாட்டார்கள்.

வெந்ததை இறக்கிக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். இப்போது அந்த 300 கிராம் சோயாவில் பிரீமிக்ஸ், மெத்தியோனின், வைட்டமின் சி மூன்றையும் நன்றாகக் கலந்து, அந்தக் கலவையை மாவில் தூவிப் பிசையுங்கள். 10 கிராம் பொருளை 10 கிலோ மாவில் நேராகப் போட்டால் ஒரு மூலையில் கட்டியாகக் கிடக்கும். ஒரு மீனுக்கு மருந்தளவு போகும், பத்து மீனுக்கு ஒன்றுமே போகாது.

முதலிலேயே எல்லாவற்றையும் கொட்டி வேகவைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. சாதாரண வைட்டமின் சி-யைச் சூடு அழித்துவிடும், சூடு தாங்கும் வகையையும் வீணாக வேகவைக்க வேண்டாம். மீனால் அதை உடம்பில் தானாக உண்டாக்க முடியாது. சில வாரம் தீனியில் இல்லாவிட்டால் முதுகெலும்பு வளையும். வளைந்தது திரும்ப நிமிராது.

எண்ணெயை இன்னும் சேர்க்கவில்லை, கவனியுங்கள். எண்ணெய் படிந்த மாவு பசை பிடிக்காது.

7. பிழிந்து உலர்த்துவது

இறைச்சி மெஷினில் இடியாப்பம் போலப் பிழிந்து, வலைத் தட்டில் மெல்லப் பரப்புங்கள். நிழலில், காற்றாடிக் காற்றில் உலரட்டும். உச்சி வெயிலில் வேகமாகக் காயும், ஆனால் வைட்டமினும் கொழுப்பும் கெடும். அடுப்பில் காயவைப்பதானால் 60 பாகைக்கு மேல் வேண்டாம்.

காய்ந்ததா என்று கையால் பார்ப்பதை நம்பாதீர்கள், மேலே மொறுமொறுப்பாக இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். தராசை நம்புங்கள். எண்ணெய் சேர்க்காத 10 கிலோ கலவையில் உலர் சரக்கு 9.7 கிலோ. தண்ணீர் சேர்த்ததும் 13 கிலோவைத் தாண்டியிருக்கும். எல்லாத் தட்டும் சேர்ந்து மறுபடி 9.7 கிலோவுக்கு, அல்லது சற்றுக் கீழே வந்தால் காய்ந்தது. நான் தட்டின் ஓரத்தில் காலி எடையைச் சுண்ணாம்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் மழை வலுக்கும்போது இது இரண்டு நாள் வேலையாகிவிடும். அந்த மாதங்களில் சிறிதாகச் செய்யுங்கள்.

காய்ந்த பிறகு இரண்டு எண்ணெயையும் கலந்து மேலே தெளித்துப் புரட்டுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் நிழலில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். ஒரு பெல்லட்டில் பூசணம் தெரிந்தாலும் அந்த டப்பா முழுவதும் குப்பைக்கு. நல்லதைப் பொறுக்கி எடுக்கும் வேலை வேண்டாம்.

8. குவளைச் சோதனை

தண்ணீர்க் குவளையில் பத்து பெல்லட் போட்டு 15 நிமிடம் பாருங்கள். ஊறலாம், உருவம் கலையக் கூடாது. கலைந்தால் வேகவில்லை அல்லது தூள் பெரிது.

இவை மூழ்கும் பெல்லட். மிதப்பதற்கு உயர் அழுத்த எக்ஸ்ட்ரூடர் வேண்டும், வீட்டு மெஷினில் நடக்காது. அதனால் தண்ணீருக்குள் ஒரு தட்டைத் தொங்கவிட்டு அதன்மேல் போடுங்கள். 15 நிமிடம் கழித்துத் தூக்கினால் மிச்சம் தெரியும். மிச்சம் இருந்தால் அடுத்த வேளை குறையுங்கள்.

9. மீனைப் பழக்குவது

கடைத் தீனி முக்கால், உங்களுடையது கால் என்று ஐந்து நாள். பிறகு பாதிக்குப் பாதி ஐந்து நாள். பிறகு கால், முக்கால் ஐந்து நாள். அதன் பிறகே முழுதாக. ஒரே நாளில் மாற்றினால் மீன் தின்ன மறுக்கும், தின்னாத தீனி தண்ணீரைக் கெடுக்கும், பிறகு தண்ணீர் கெட்டதால் தின்னாது.

முகம் திருப்பினால் உலர்ந்த கூனி இறாலைப் பொடித்து 10 கிலோவுக்கு 100 கிராம் சேருங்கள். கெராகாவ் என்று பாசாரில் கிடைப்பதுதான்.

50 முதல் 100 கிராம் மீனுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 3 முதல் 4 விழுக்காடு. 200 கிராமைத் தாண்டினால் 2 போதும். காலை 9 மணிக்கு மேல் ஒரு வேளை, மாலை 5 மணிக்குள் ஒரு வேளை. விடியற்காலையில் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, அப்போது தின்றால் மீன் திணறும்.

தாவரத் தீனியில் கழிவு கூடும், இளகலாக மிதக்கும். இது நோய் இல்லை, நார். அடித் தண்ணீரை முன்பைவிட அடிக்கடி இறக்குங்கள்.

10. நிறுத்துப் பார்ப்பது

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வலை போட்டு 30 மீனை மொத்தமாக நிறுங்கள். பெரிய மீனாகப் பொறுக்காதீர்கள். கை தானாக அங்கேதான் போகும்.

என் நோட்டில் எழுதும் முறை: 200 மீன், சராசரி 80 கிராம் என்றால் 16 கிலோ. 14 நாளில் சராசரி 110 கிராம் ஆனால் 22 கிலோ. கூடியது 6 கிலோ. போட்ட தீனி 9.6 கிலோ என்றால் 9.6 வகுத்தல் 6, அதாவது 1.6. ஒரு கிலோ மீனுக்கு 1.6 கிலோ தீனி. கடைத் தீனித் தொட்டிக்கும் இதே கணக்கைப் போடுங்கள். உங்கள் தீனி கிலோவுக்கு மலிவாக இருந்தும் 2.3 தின்றால் இலாபம் எங்கே போனது என்று அப்போது தெரியும்.

எடையோடு ஒரு மீனை அறுத்தும் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மா குழம்புக்கு மீன் ஆயும்போது ஈரலை மட்டும் தனியாக ஒரு தட்டில் எடுத்து வைப்பார். செம்பழுப்பாக, ஓரம் கூர்மையாக இருந்தால் சரி. "டேய், இது வெண்ணெ மாதிரி வெளுத்து வழவழன்னு இருக்குடா" என்று ஒரு தடவை கூப்பிட்டார். கெட்டுப்போன கொழுப்பாலும் அப்படி ஆகும், அளவுக்கு மீறிய தீனியாலும் ஆகும். தவிட்டு மூட்டையைப் பிரித்து முகர்ந்தேன். தவிடு நன்றாகத்தான் இருந்தது, நான்தான் ஒரு மாதமாக அள்ளிப் போட்டிருக்கிறேன். அளவைக் குறைத்ததும் இரண்டு மாதத்தில் நிறம் திரும்பியது.

11. பிடிப்பதற்கு முன்

மீனின் கொழுப்பு அது தின்ற கொழுப்பைப் போலவே இருக்கும். சமையல் எண்ணெயில் வளர்ந்த மீனில் ஒமேகா 3 குறையும். வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் மீனுக்காவது கடைசி இரண்டு மாதம் சமையல் எண்ணெயை 100 கிராமாகக் குறைத்து, மீன் எண்ணெயை 200 கிராமாக ஏற்றுங்கள். விலை கூடும், விற்பனை மீனுக்கு எல்லாராலும் முடியாது.

குஞ்சு விடும்போது மாதத்தையும் பாருங்கள். திலாப்பியா விற்கும் அளவுக்கு வர ஆறு மாதம் பிடிக்கும். புரட்டாசியில் பிடிக்கிற மாதிரி குஞ்சு விட்டால், நம் ஆட்கள் வாங்க வர மாட்டார்கள், மீன் மட்டும் தொட்டியில் தின்றுகொண்டே இருக்கும். நான் தைப்பூசத்துக்குப் பிறகு விட்டு ஆடி கடைசிக்குள் பிடித்துவிடுவேன்.

பிடிப்பதற்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள். குடல் காலியாக இருந்தால் எடுத்துப் போகும் தண்ணீர் கெடாது. வயிற்றைக் கீறும்போது அம்மாவும் திட்ட மாட்டார்.